ரேடியேட்டர் ஒழுகினால் மாற்ற வேண்டியது ரேடியேட்டர் மட்டும்தானா?

பழைய லாரியில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் மஞ்சள்தூள். அடுத்து பட்டறையில் ஈயப்பற்று. அதுவும் தாங்காவிட்டால் புது ரேடியேட்டர். கொஞ்ச நாளில் புதுசும் ஒழுகினால், "இப்ப வர்ற சாமானே சரியில்லைங்க" என்று முடித்துவிடுவோம். ஆனால் ரேடியேட்டர் தானாக ஓட்டையாவது குறைவு. உள்ளே ஊற்றுகிற தண்ணியும் வெளியே இருக்கிற அதிர்வும்தான் அதை அரிக்கின்றன. அந்த இரண்டையும் விட்டுவிட்டு ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் அதே கதை மறுபடி நடக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் சுமார் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குளிரூட்டும் தண்ணி வழியாகத்தான் வெளியேற வேண்டும். பழைய லேலண்ட், டாடா லாரிகளின் ரேடியேட்டரில் மேலும் கீழும் பித்தளை டேங்க், நடுவில் தட்டையான பித்தளைக் குழாய்கள், குழாய்களுக்கு இடையே செம்புத் தகடுகள் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பற்று.

இதில் சேலம், நாமக்கல் பக்கத்து போர் தண்ணியை ஊற்றினால் என்ன ஆகும்? வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் குழாய்க்குள்ளும் படியும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தப் படிவுக்குக் கிடையாது. மெல்லிய படலம் போதும், வண்டி சூடேற. மஞ்சள்தூளும் இந்த ரகம்தான். ஓட்டையை அடைக்கிற அதே தூள் நல்ல குழாயையும் அடைக்கும். நடுவழியில் பட்டறை வரை போய்ச் சேர அது உதவும், அவ்வளவுதான்.

ஒழுகுவது ரேடியேட்டர்தானா?

கழற்றுவதற்கு முன் இதை உறுதி செய்யணும். ஒழுகும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொறுக்கு கட்டியிருக்கும். ஹோஸ் முனையில் இருந்தால் கிளிப்பும் ஹோஸும் மாற்றினால் போதும். வாட்டர் பம்ப் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது. வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் தண்ணி குறைகிறது, எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டர்தான் என்று தெரிந்தாலும் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. டேங்க் இணைப்பில் மட்டும் கசிவு என்றால் பற்று வைக்கலாம். பல குழாய்களில் கசிகிறது, தகடு தொட்டாலே உதிர்கிறது என்றால் நடுவில் உள்ள கோரையாவது மாற்றியாகணும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இந்த ஈயப்பற்று வேலை நடக்காது.

கழற்றி மாட்டும்போது

எஞ்சின் முழுசாக ஆறின பிறகுதான் மூடியில் கை வைக்கணும். 7 பிஎஸ்ஐ மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணி சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். உள்ளே 105 டிகிரியில் அமைதியாக இருக்கும் தண்ணி, மூடியைத் திறந்து அழுத்தம் போனதும் ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோவது இப்படித்தான்.

பழைய கூலன்ட்டைத் தரையில் விடாமல் தட்டில் பிடியுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கும். சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான்.

ரேடியேட்டரைத் தூக்க இரண்டு பேர் வேணும். ஃபேன் இறக்கை கோரில் பட்டால் புதுசும் ஓட்டைதான். இந்த வேலையில் பலரும் விட்டுவிடுவது அடியில் உள்ள மவுண்டிங் ரப்பர். மேடு பள்ளத்தில் லாரியின் சேஸிஸ் முறுக்கும். ரப்பர் கெட்டியாகிப் போயிருந்தால் அந்த முறுக்கு நேராக டேங்க் இணைப்புக்குப் போகும். இரண்டு ரப்பர் துண்டு பார்க்க அற்பம்தான், புது ரேடியேட்டரின் ஆயுள் அதில் இருக்கிறது.

மூடியையும் புதுசாகப் போடுங்கள், ஆனால் அதே அளவில். "15 போட்டா கொதிக்காது" என்று சிலர் சொல்வார்கள். கொதிநிலை 121 டிகிரிக்கு ஏறும் என்பது உண்மைதான். 7க்குச் செய்த ஈயப்பற்று அந்த அழுத்தத்தைத் தாங்கணுமே! அதேபோல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் வேண்டாம். எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசலும் வீண், தேய்மானமும் கூடும்.

என்ன ஊற்றுவது?

"நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்வி நியாயமானது. வெப்பத்தை ஏந்திப் போவதில் வெறும் தண்ணிதான் கூலன்ட்டைவிட மேல். நமக்குக் கூலன்ட் தேவைப்படுவது அதில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்துக்காக. அது இல்லாவிட்டால் பித்தளையும் ஈயமும் இரும்பும் ஒரே தண்ணியில் கிடந்து ஒன்றையொன்று அரிக்கும். டீசல் எஞ்சின் லைனரின் வெளிப்பக்கமும் அதிர்வில் ஊசி ஊசியாகக் குழி விழும். பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றதா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். கலக்குவதற்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். அதற்கு முன், பழைய துரு வெளியேறும் வரை எஞ்சினுக்குள் தண்ணி விட்டு அலசணும். இல்லாவிட்டால் அந்தச் சேறு முழுக்கப் புது குழாய்களில்தான் போய்ச் சேரும்.

மெதுவாக ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மாட்டியிருந்த காற்று வெளியேறி மட்டம் இறங்கும். மறுபடி நிரப்பி மூடணும். முதல் நடை காலியாக ஓட்டி, ஆறவிட்டு மட்டத்தையும் கிளிப்புகளையும் பாருங்கள். இதைச் செய்யாமல் முழு லோடோடு தொப்பூர் ஏற்றத்தில் ஏறி வண்டி கொதித்தால், ஹெட் விரியலாம், பிஸ்டன் பிடிக்கலாம். ஒரே லாரியை வைத்துக் கடன் கட்டுகிறவருக்கு அந்தச் செலவோடு வண்டி நிற்கிற நாட்களின் நஷ்டமும் சேரும்.