இறக்கக்கண்டியைத் தேடினால்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால், நிலாவெளியைத் தாண்டியதும் களப்பும் பாலமுமாக இறக்கக்கண்டி வருகிறது. மீன்பிடியை நம்பிய ஊர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையை உலுக்கிப்போட்டது. எழுத இங்கே எவ்வளவோ உண்டு. ஆனால் இணையத்தில் இந்தப் பக்கத்தைத் தேடுபவருக்கு முன்னே வருபவை பெரும்பாலும் நிலாவெளி விடுதிகளின் அறைகளும் புறாமலைத் தீவுக்கான படகுப் பயணமும்தான். ஊரவர் ஒருவர் அக்கறையோடு எழுதிய பக்கம் இருந்தால்கூட அடியில்தான் கிடக்கும். தேடுபொறி வேலை செய்யும் விதம் அப்படி.

இணையத்தளங்களின் தொடக்க காலத்தில் மனிதர்களே தளங்களைப் பார்த்து வகை பிரித்தார்கள். 1994இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரு ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் தொடங்கிய பட்டியல்தான் யாஹூ ஆனது. பின்னாளில் அதில் ஒரு வணிகத் தளம் இடம்பெற ஆண்டுக்கு 299 டொலர் கட்ட வேண்டியிருந்தது. 1998இல் வந்த டிமோஸ் பணம் கேட்கவில்லை. தொகுத்தவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். அங்கேயும் மனக்கசப்புத்தான். அனுப்பிய தளம் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். பல பிரிவுகளைப் பார்க்க ஆளே இல்லை. யாஹூ பட்டியல் 2014இன் முடிவிலும், டிமோஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன.

அதற்கு வெகு முன்பே அவற்றின் இடத்தைப் பிடித்தது, கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் வகுத்த பேஜ்ராங்க் கணக்கு. ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் தரும் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு வாக்கு. பேர்பெற்ற பக்கம் தரும் வாக்குக்கு எடை கூட. இன்று கூகுள் வேறு பல அளவுகளையும் பார்க்கிறது, ஆனாலும் இணைப்பின் பலம் போகவில்லை. சிற்றூர் தோற்பது இங்கேதான். அதைப்பற்றி எழுதுபவர்களே நாலைந்து பேர். அவர்களும் ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுப்பதில்லை. முகநூலில் எழுதியதில் பெரும்பகுதி தேடுபொறிக்கு எட்டுவதுமில்லை.

இலங்கையில் இன்னொரு தடையும் உண்டு: பாமினி. அந்த எழுத்துருவில் தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள் பதிவாவதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அப்படி ஏற்றிய பக்கத்தில் 'இறக்கக்கண்டி' என்று தேடினால் எப்படி அகப்படும்? எத்தனையோ நல்ல கட்டுரைகள் இப்படியே புதைந்துவிட்டன என்பது எனக்குப் பெரிய வேதனை.

ஆனாலும், தேடுபொறியை மட்டும் நம்பாமல் மனிதர்கள் முன்னின்று தொகுத்தவை தமிழில் பலன் தந்திருக்கின்றன. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ் வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளைத் திரட்டி ஒரே இடத்தில் காட்டியது. யாழ்ப்பாணத்தில் எழுதியதைக் கோயம்புத்தூரில் அன்றே வாசித்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து, பட்டியலிட்டு வைத்திருக்கிறது.

குச்சவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோடில் எழுதுங்கள். தலைப்பிலேயே ஊர்ப்பெயரைப் போடுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றி ஏற்றுங்கள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த ஊர்க்காரரின் நல்ல பக்கம் கண்ணில் பட்டால், உங்கள் பக்கத்திலிருந்து அதற்கு ஓர் இணைப்புக் கொடுங்கள்.