கருப்பு யார் என்ற சண்டை மூளைக்குள் என்ன செய்தது?

1990களின் பிற்பாதியில், சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்த ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ ஓடிக்கொண்டிருந்தபோது, பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். தப்பு செய்தவனைக் குதிரையேறி வந்து தண்டிப்பது சாட்சாத் கருப்பசாமிதான் என்றது ஒரு கட்சி. ‘சாமியாவது பூதமாவது, ஊருக்குள்ளேயே எவனோ ஒருத்தன் வேலை இது’ என்றது இன்னொன்று. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த தொடர் அது. ஒரு பக்கம் குலசாமி, மறுபக்கம் மனநல மருத்துவம் என்று இரண்டு விளக்கத்துக்கும் இடம் வைத்தே கதை நகர்ந்தது. (இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள், முடிவைச் சொல்லப்போவதில்லை.) பார்த்தது கொஞ்ச நேரம், பேசியது வாரம் முழுக்க.

அந்தப் பேச்சை வெட்டிப் பேச்சு என்று வீட்டுப் பெரியவர்கள் திட்டினார்கள். ஆனால் பேசியவர்களின் மூளையில் அது தொடரையே மாற்றிக்கொண்டிருந்திருக்கும் என்று இன்றைய ஸ்கேன் ஆய்வுகளைப் பார்த்தால் தோன்றுகிறது.

கருப்பு ஏன் மனதில் அப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பாஸ்கல் போயர் என்ற மானிடவியலாளர் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார். உலகத்தில் எது எப்படி நடக்கும் என்று நமக்குச் சில அடிப்படை எதிர்பார்ப்புகள் உண்டு. அவற்றில் எதையும் மீறாத பாத்திரம் மறந்துபோகும். எல்லாவற்றையும் மீறும் பாத்திரம் பிடிபடாமல் நழுவும். ஒன்றிரண்டை மட்டும் மீறுவதுதான் நிலைக்கும். சார்லஸ் ராம்பிள் என்பவருடன் சேர்ந்து அவர் இதைப் பிரான்சிலும், ஆப்பிரிக்காவின் காபோனிலும், நேபாளத்தில் உள்ள திபெத்தியத் துறவிகளிடமும் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார். மூன்று இடத்திலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் காவல் தெய்வத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியமாட்டார், சாவு கிடையாது. மற்றபடி குதிரை வேண்டும், அரிவாள் வேண்டும், படையல் வேண்டும். கோபம் வரும், கொடுத்த வாக்கு தவறினால் கேள்வி கேட்பார். மீறல் இரண்டே இரண்டு, மிச்சமெல்லாம் ஊர்ப் பெரிய மனுஷன். சினிமாவில் வரும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பேய்கள் தியேட்டர் வாசலோடு மறந்துபோவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவை மீறாத விதியே இல்லை.

அடுத்தது, பார்க்கும்போது நடப்பது. அமெரிக்காவில் யூரி ஹாசன் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் ஆட்களை எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்துப் படம் காட்டினார்கள். ஒரு பூங்காவில் கேமராவைச் சும்மா நிறுத்தி எடுத்த காட்சிக்கு, பார்த்தவர்களின் மூளைப் புறணியில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே ஒன்றுபோல் இயங்கியது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1961இல் இயக்கிய ஒரு டிவி கதைக்கு அது 65 விழுக்காட்டை எட்டியது. திகில் கதை சொல்லத் தெரிந்தவர், முன்பின் அறியாத பலருடைய மூளையை ஒரே தாளத்தில் ஆடவைக்கிறார்.

பின்னாளில் கனடாவில் அதே ஹிட்ச்காக் கதையை, 16 ஆண்டுகளாக எந்த அசைவாலும் பதில் சொல்லாமல் கிடந்த ஒரு நோயாளிக்குக் காட்டினார்கள். அவருடைய மூளையும் மற்றவர்களுடையதைப் போலவே கதையின் திகிலோடு ஏறி இறங்கியது. உள்ளே ஒருவர் விழித்திருந்து கதை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது.

எல்லாரையும் ஒரே தாளத்தில் ஆட்டுகிறது கதை என்றால், கட்சி எங்கிருந்து வருகிறது? ஹாசனின் ஆய்வகத்தில் யாரா எஷுரூன் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஜே.டி.சாலிஞ்சரின் சிறுகதை ஒன்று. நடுராத்திரியில் கணவன் ஒருவன் நண்பனுக்கு போன் செய்து, மனைவியைக் காணவில்லை என்று புலம்புகிறான். நண்பனின் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவள்தான் அந்த மனைவி என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். அவள் வேறு யாரோ, கணவனுக்குத்தான் சந்தேகப் புத்தி என்று மற்றக் குழுவுக்குச் சொன்னார்கள். பிறகு இரு குழுவும் கேட்டது ஒரே கதை, ஒரே குரல். காதில் விழுந்ததைப் பதிக்கும் பகுதி இரு குழுவிலும் ஒன்றுபோலவே வேலை செய்தது. பொருள் சேர்க்கும் உயர்நிலைப் பகுதிகளோ குழுவுக்கு ஒரு விதமாகப் பிரிந்தன. மூளைப் பதிவை மட்டும் வைத்தே யார் எந்தக் கட்சி என்று பெரும்பாலும் சரியாகக் கணிக்க முடிந்தது.

ஆக, ‘நீ பார்த்த சீரியலை நான் பார்க்கவில்லை’ என்று சண்டையில் ஒருவர் கத்தினால், அது மிகையில்லை.

இனித்தான் பேச்சுக்கு வருகிறோம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் போ சீவர்ஸும் தேலியா வீட்லியும் நடத்திய ஆய்வு 2024இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்தது. ஆட்களை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, முன்கதை தெரியாத, குழப்பமான சினிமாத் துண்டுகளைக் காட்டினார்கள். பிறகு சின்னச் சின்னக் குழுவாக உட்கார்ந்து, இது என்ன கதை என்று பேசி ஒரு முடிவுக்கு வரச் சொன்னார்கள். மறுபடி ஸ்கேன். ஒன்றாகப் பேசியவர்களின் மூளைகள் முன்பைவிட ஒத்து இயங்கின. அதே படங்களிலிருந்து, அவர்கள் பேசியே இராத புதுத் துண்டுகளைக் காட்டியபோதும் அந்த ஒற்றுமை தொடர்ந்தது. போன வாரம் டீக்கடையில் பேசியது, அடுத்த வாரம் வரப்போகும் காட்சியையும் மாற்றிவிடுகிறது என்று இதைப் படிக்கலாம்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. எல்லாக் குழுவும் ஒத்துப்போகவில்லை. பெரிய ஆள் என்று மற்றவர்கள் கருதிய ஒருவர் தானே பேசி, பிறர் சொல்வதைத் தட்டிவிட்ட குழுக்களில் மூளைகள் அவ்வளவாக நெருங்கவில்லை. பலரோடும் பழகும் ஆட்கள் இருந்த குழுக்களில் நெருங்கின. அவர்கள் மற்றவர்களைப் பேசவைத்தார்கள், தங்கள் கருத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்னும் மாமா எல்லா ஊரிலும் இருக்கிறார் போலும்.

நடிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் வாராவாரம் பார்க்கும் முகத்தோடு ஒருவழி உறவு உண்டாகிறது என்று டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே எழுதிவிட்டார்கள். ‘மர்மதேச’த்தில் சேர்ந்து நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னால் கணவன் மனைவியானபோது பழைய ரசிகர்கள் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்போல் மகிழ்ந்தது அந்த உறவினால்தான். 2023இல் ‘விடுதலை’ படத்தில் சேத்தன் கொடூரமான போலீஸ் அதிகாரியாக வந்தபோது எனக்கு ஒப்பவே இல்லை.

வாராவாரம் காத்திருந்த காலம் போய், இப்போது தொடர்கள் மொத்தமாக வந்து இறங்குகின்றன. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையில் ஒரே டிவி தொடரை ஒரு குழு ஒரே மூச்சில் பார்த்தது, ஒரு குழு தினம் ஒன்றாக, ஒரு குழு வாரம் ஒன்றாக. மறுநாள் கேட்டால் ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குத்தான் கதை நன்றாக நினைவிருந்தது. 140 நாள் கழித்துக் கேட்டபோது அவர்களுடைய நினைவுதான் அதிகம் தேய்ந்திருந்தது. தொடரை ரசித்ததும் அவர்கள்தான் குறைவு.

‘விடாது கருப்பு’ இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. பார்ப்பதென்றால் நாலு பேராகப் பாருங்கள், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். முடிவு தெரிந்தவரை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.