தென் துருவத்துக்குப் போன வயல் டிராக்டர்

டிராக்டருக்குப் பட்டை மாட்டினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே இன்ஜின்தான், ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. மாறுவது, எடை தரையில் இறங்கும் விதம். டயர் மண்ணைத் தொடும் இடம் சில கையகலம். பட்டையோ முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை படிந்து கிடக்கும். எடை பரவுவதால் வண்டி புதையாது. ஈர வயலில் நெல் அறுக்க பெல்ட் மிஷினைத் தேடுவதும் இதற்காகத்தான்.

சாதாரண டிராக்டரை இப்படி மாற்றியதில் பெயர்பெற்றது எட்மண்ட் ஹிலாரியின் அண்டார்டிகப் பயணம். 1957 அக்டோபரில் ஸ்காட் தளத்திலிருந்து கிளம்பிய அவரது குழுவிடம் இருந்தவை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர்கள். ஏறக்குறைய ஒரு டன் எடை, 30-க்கும் குறைவான குதிரைத்திறன். உழவுக்கென்று செய்த வண்டி. பெரிய சக்கரத்துக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நடுவே இன்னொரு சக்கரம் வைத்து, மூன்றையும் சுற்றிப் பட்டை போட்டார்கள். பின்சக்கரம் இழுக்கும், மற்ற இரண்டும் பட்டையைத் தாங்கி உருளும்.

சரி, எப்படித் திருப்புவது? பட்டைக்குள் அகப்பட்ட முன்சக்கரம் திரும்பாது. ஸ்டியரிங் இருந்தும் பயனில்லை. கைகொடுத்தது பிரேக். உழவு டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் உண்டு. இடப்பக்கத்தைப் பிடித்தால் டிஃபரன்ஷியல் வழியே ஓட்டமெல்லாம் வலப்பக்கம் போகும். வண்டி இடப்பக்கம் திரும்பும். பனிப்பிளவில் ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கட்டும் என்று வண்டிகளைக் கயிற்றால் பிணைத்திருந்தார்கள். சுமார் 2000 கி.மீ. கடந்து, 1958 ஜனவரி 4-ல் மூன்று ஃபெர்குசன்கள் துருவத்தை எட்டின. தரைவழியே அங்கே போய்ச் சேர்ந்த முதல் மோட்டார் வண்டிகள் அவைதாம்.

வீட்டுத் தோட்டத்துக்கான குட்டி டிராக்டரில் இதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கைத்தான். பலவற்றில் ஒரே பிரேக். முழுப் பட்டை போட்டால் நேராக மட்டுமே போகும். கியர்பெட்டியும் புல்வெட்டும் வேலைக்கு அளந்து செய்தது. பட்டையை இழுக்கும் பாரத்தில் அது சூடேறித் தேயும்.

அவர்களுக்கு அரைப்பட்டையே நல்லது என்பேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் விர்ஜில் வைட் என்ற ஃபோர்டு விற்பனையாளர், மாடல் டி காருக்குச் செய்து 1917-ல் காப்புரிமை பெற்றது இதைத்தான்: கூடுதலாக ஓர் அச்சு, பின்பக்கம் மட்டும் பட்டை, முன்சக்கரத்துக்குப் பதில் சறுக்குப் பலகை. ஸ்டியரிங் வழக்கம்போல் வேலை செய்யும். பனிக்காலத்தில் கிராமத்துத் தபால்காரர்களும் டாக்டர்களும் அதில்தான் போய்வந்தார்கள்.