வெட்டினால் போகாது சீமைக் கருவேலம்

செஞ்சியை அடுத்த சிங்கவரம் போன்ற மானாவாரி ஊர்களில், பருவமழையில் நிறையும் ஏரியும் ஆடுமாடுகள் மேயும் புறம்போக்கும்தான் உழவுக்கும் கால்நடைக்கும் ஆதாரம். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டிருப்பது, வேலிக்காத்தான் என்றும் வழங்கப்படும் சீமைக் கருவேலம். மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிற்காலத்தில் விறகுத் தட்டுப்பாட்டைப் போக்கும் நோக்குடன் வறண்ட நிலங்களில் விதைக்கப்பட்டது. இவ்வாறு வேற்று நிலத்திலிருந்து வந்து, உள்ளூர்த் தாவரங்களை ஒடுக்கிப் பரவும் உயிரினத்தை அயல் ஆக்கிரமிப்பு இனம் என்கின்றனர் சூழலியலாளர்கள்.

இம்மரம் பரவுவதற்குக் கால்நடைகளே துணைபுரிகின்றன. இனிப்பான நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. கடின உறை மூடிய விதைகளில் பல குடலைக் கடந்தும் சேதமின்றி வெளியேறி, சாணத்திலும் புழுக்கையிலும் கிடந்து, அடுத்த மழையில் முளைவிடுகின்றன. அதே நெற்றை விதையோடு சேர்த்து அரைத்துத் தீவனமாக்கினால் விதை அழிந்துவிடும். மரத்தைத் தரையோடு வெட்டுவதோ பயனற்றது. தண்டும் வேரும் கூடும் அடிக்கட்டையில், மண்ணுக்குள் உறங்கும் மொட்டுகள் இருப்பதால், ஒரு மரம் நின்ற இடத்தில் பல கிளைகள் தூராகத் துளிர்க்கும். ஆகவே அடிக்கட்டையை வேர்ப்பகுதியோடு தோண்டியெடுத்து, பிறகு முளைக்கும் கன்றுகளையும் ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும்.

மேய்ச்சல் சமூகங்களின் நிலங்களில் நடந்த ஆய்வுகள் இன்னும் விரிந்த பாடத்தைத் தருகின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பன்னி புல்வெளியில், உப்புப் பாலை பரவுவதைத் தடுக்க 1961 முதல் நடப்பட்ட இம்மரம், மால்தாரி மேய்ப்பர்களின் புல்நிலத்தைப் பெருமளவு விழுங்கியது. எனினும் அங்கேயே பல குடும்பங்கள் அதன் கரியை விற்றுப் பிழைக்கின்றன. 1980களில் இம்மரம் நடப்பட்ட கென்யாவின் பாரிங்கோவில், புல் மீட்கப்பட்ட நிலங்களின் மண், இழந்த கரிமத்தை ஏறக்குறைய 30 ஆண்டுகளில் திரும்பப் பெற்றதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தென்னாப்பிரிக்காவில் இப்பேரினத்து மரங்களைக் கட்டுப்படுத்த 1987இல் விதையுண்ணும் வண்டு விடப்பட்டபோதிலும், வண்டு சேர்வதற்கு முன்பே நெற்றுகளைக் கால்நடைகள் தின்றுவிட்டதால் அதன் பயன் குறுகியது.

2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற ஆணையிட்டதும், அதே ஆண்டில் அறிவியல் ஆய்வின் தேவை கருதி அப்பணி நிறுத்திவைக்கப்பட்டதும், 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கெனக் கொள்கை வெளியிட்டதும் இச்சிக்கலின் இருமுகத்தையும் காட்டுகின்றன. இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டு வாழும் ஏழைகளுக்கு மாற்று வருவாய் இல்லாமல் எல்லா மரத்தையும் ஒரே மூச்சில் அழிப்பது நியாயமாகாது. ஏரியிலும் வரத்துக்கால்வாயிலும் அதை விட்டுவைப்பதும் தகாது.

எனவே இடத்துக்கேற்ற வரிசை வேண்டும். இன்னும் பரவாத நிலத்தில் கன்றிலேயே களைவதும், நீர்நிலைகளில் வேரோடு அகற்றுவதும், அடர்ந்த காடாகிவிட்ட இடங்களில் விறகுக்கும் கரிக்கும் வெட்டியபடியே படிப்படியாகக் குறைப்பதும் அவ்வரிசையாகும். அகற்றிய நிலத்தை வெறுமையாக விடாமல் கொழுக்கட்டைப் புல்லும், வேம்பும், புங்கமும், நாட்டுக் கருவேலமும் வளர்ப்பதற்கு ஊராட்சிகள் மரத்தைத் தோண்டும் இயந்திர வாடகையோடு சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும். மறுநடவும் தொடர் கண்காணிப்பும் இல்லாமல் இயந்திரத்துக்கு மட்டும் செலவிடும் பணம், அதே மரத்தை மீண்டும் வளர்ப்பதற்குச் செலவிட்ட பணமே.