சாய்சதுரத்தில் ஓர் எச்சரிக்கை

நமது திருத்தணியைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றால் கடைப் பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. இங்கே தமிழ், நகரியில் தெலுங்கு. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நம் ஊர் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது என்பதை வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறோம். எல்லைப்புற ஊர் என்பதால் இரண்டு மொழியும் நம் காதுக்குப் பழக்கம். ஆனால் நம் ஊர்ச் சாலையில் மூன்றாவது ஒரு மொழியும் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் படிப்பவர் மிகச் சிலரே.

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் வரும் டாங்கர் லாரிகளின் பின்புறத்தைக் கவனித்திருக்கிறீர்களா, தோழியரே? முனையில் நிற்கும் ஒரு சதுரம். கணக்கு வகுப்பில் நாம் வரையும் சாய்சதுரம் போல இருக்கும். அதற்குள் தீச்சுடரோ மண்டையோடோ வரையப்பட்டிருக்கும். அருகில் நான்கு இலக்க எண் ஒன்று. அது வண்டியின் பதிவு எண் அன்று. 1203 என்றால் உள்ளே பெட்ரோல். 1202 என்றால் டீசல். 1075 என்றால் சமையல் எரிவாயு. 1830 கந்தக அமிலம், 1017 குளோரின். இந்த எண்கள் நகரியில் மாறுவதில்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் மாறுவதில்லை.

இவற்றை வகுத்தது ஐக்கிய நாடுகள் சபை. 1953இல் இதற்கென ஒரு நிபுணர் குழுவை அமைத்தார்கள். அக்குழுவின் பரிந்துரைகள் 1956இல் முதன்முறையாக வெளிவந்தன. அட்டையின் நிறத்தால் அதற்கு ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் தனித்தனி விதி நூல்கள் உண்டென்றாலும், எண்ணும் வகுப்பும் படமும் எல்லாவற்றிலும் ஒன்றே. ஒரு பீப்பாய் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏதோ ஒரு நாட்டில் இறங்கி, அங்கே ரயிலில் போனாலும், வழியில் அதைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஒரே செய்தி கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆபத்தான பொருள்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெடிப்பவை முதல் வகுப்பு. சிவகாசிப் பட்டாசு அதில் அடங்கும். வாயுக்கள் இரண்டு, எரியும் திரவங்கள் மூன்று என்று போய், எதிலும் சேராத பலவகைப் பொருள்களுக்கு ஒன்பதாம் வகுப்பு. நம் கைப்பேசியில் இருக்கும் லித்தியம் மின்கலமும் அந்த ஒன்பதில்தான் வருகிறது. முழுப் பட்டியலையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. நம் வீட்டுப் பொருள்கள் இரண்டு அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அதுதான் வேடிக்கை.

ஒன்று கற்பூரம். ஆடிக் கிருத்திகையன்று மலைப் படிகளில் எத்தனை கற்பூரம் எரிகிறது! கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து செய்த செயற்கைக் கற்பூரமே. ஐ.நா. எண் 2717, நான்காம் வகுப்பு. திடப்பொருளாக இருந்தும் எளிதில் தீப்பற்றுவதால் வெள்ளையும் சிவப்புமாக நெடுங்கோடு போட்ட சாய்சதுரம் அதற்கு. மற்றொன்று கொப்பரை. எண் 1363, இதுவும் நான்காம் வகுப்பில் ஓர் உட்பிரிவு. எண்ணெய் மிகுந்த கொப்பரையைக் காற்றோட்டமில்லாமல் குவித்து வைத்தால், எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு மெல்லச் சேர்ந்து சூடேறும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தானே தீப்பிடிக்கும். விமானப் பெட்டியில் கொப்பரை கூடாது என்று ஊழியர் சொல்லும்போது நம் பாட்டிமார் கோபப்படுகிறார்கள். காரணத்தைச் சொன்னால் கோபம் குறையலாம்.

விதிகள் மிக நுணுக்கமானவை. பெட்டியின் மேல் ஒட்டும் சாய்சதுரம் ஒவ்வொரு பக்கமும் பத்து சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. பெரிய கன்டெய்னர் என்றால் 25 சென்டிமீட்டர். அதுவும் நான்கு பக்கமும். கப்பலில் போகும் சரக்கானால், அந்தக் குறி கடல்நீரில் மூன்று மாதம் கிடந்தாலும் அழியாமல் அடையாளம் தெரிய வேண்டும். பெட்டியோடு ஒரு தாளும் போகும். பொருளின் முறையான பெயர், எண், வகுப்பு, ஆபத்தின் அளவு ஆகிய யாவும் அதில் இருக்க வேண்டும். அனுப்புகிறவர் அதில் கையொப்பமிட்டு உறுதி தருகிறார்.

இத்தனையும் யாருக்காக? அனுப்பியவருக்கு உள்ளே இருப்பது தெரியும்; வாங்குபவருக்கும் தெரியும். தெரியாதவர் நடுவில் வருகிறவர். சுமை தூக்குபவர், ஓட்டுநர், தீயணைக்க ஓடி வருபவர், கரையில் ஒதுங்கியதைப் பார்க்கும் மீனவர் ஆகியோருக்காகவே இந்தக் குறி.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் தீயணைப்போர் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அதன் காரணம் பம்பாய்த் துறைமுகத்தில் இருக்கிறது. 1944ஆம் ஆண்டு அதே நாளில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் விக்டோரியா துறையில் நின்றுகொண்டிருந்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள். கூடவே கராச்சியில் ஏற்றிய பஞ்சு மூட்டைகள். வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிட வேண்டும் என்பது துறைமுக வழக்கம். அன்று அந்தக் கொடி ஏற்றப்படவில்லை. பிற்பகலில் பஞ்சு புகைந்தது. தீயணைப்போர் நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கையில், நான்கு மணியளவில் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் மீண்டும் வெடித்தது. தீயணைப்போர் மட்டுமே 66 பேர் மாண்டனர். மொத்தம் எண்ணூறுக்கு மேற்பட்டோர் என்பார்கள். கொடி இருந்தால் தீ வந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அருகில் நின்றவர்கள் எதனருகில் நிற்கிறோம் என்று அறிந்திருப்பார்கள் அல்லவா?

குறி இல்லாமை ஒரு வகை ஆபத்து என்றால், பெயர் தவறாக இருப்பது வேறொரு வகை. சென்னைக்கு அருகே மணலியில் நடந்ததைப் பாருங்கள். 2015இல் தென் கொரியாவிலிருந்து அம்மோனியம் நைட்ரேட் வந்திறங்கியது. தாளில் அது உரம் என்று காட்டப்பட்டதாகவும், உண்மையில் அது வெடிபொருள் தரத்தது என்றும் கூறிச் சுங்கத்துறை அதைக் கைப்பற்றியது. வழக்கு நடந்தது. ஏறக்குறைய 700 டன் உப்பு 37 கன்டெய்னர்களில் ஆண்டுக்கணக்காக அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்டு 4 அன்று லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அதே இரசாயனம் வெடித்து இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகுதான், மணலிச் சரக்கின் நினைவு எல்லோருக்கும் வந்தது. அந்த ஆகஸ்டு மாதத்திலேயே அதை ஐதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு வேதியியல் நுட்பமும் உண்டு. அம்மோனியம் நைட்ரேட் பயிருக்கு நைட்ரஜன் தரும் உரமும்தான், அது பொய்யன்று. ஆயினும் அதன் நைட்ரேட் பகுதியில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கிறது. தீக்கு வெளிக்காற்று வேண்டியதில்லை. இந்த உப்பே ஆக்ஸிஜனை ஊட்டிவிடும். ஆகவேதான் ஐந்தாம் வகுப்பு. மஞ்சள் சாய்சதுரத்தில் ஒரு வட்டமும் அதன்மேல் சுடரும். எந்தத் தரம், எதனோடு கலந்தது என்பதைப் பொறுத்து எண்ணே மாறும். ஒரு சொல் மாறினால் அதை எங்கே, எதனருகில் அடுக்குவது என்பதெல்லாம் மாறிப்போகும்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. 2025 மே மாதம் 24ஆம் நாள் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி செல்லும் வழியில் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள். அவற்றுள் 13இல் ஆபத்தான சரக்கும், 12இல் கால்சியம் கார்பைடும் இருப்பதாக உடனே அறிவித்தார்கள். கார்பைடு என்பது மாங்காயைப் பழுக்க வைக்கச் சிலர் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தும் அதே ‘கல்’தான். நீர் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும். ஒரு பொறி போதும். எண் 1402, நீல நிறச் சாய்சதுரம். நீர் படக்கூடாத பொருள் கடலிலே! கரை ஒதுங்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள், விலகி நின்று 112க்குத் தெரிவியுங்கள் என்று கேரளக் கரை முழுதும் எச்சரித்தார்கள். சரக்கு விவரம் எழுதப்பட்டிருந்ததால்தான் அவ்வளவு விரைவில் எச்சரிக்க முடிந்தது.

ஆனால் அதே கப்பலிலிருந்து வெளியேறிக் கன்னியாகுமரிக் கரைவரை வந்து சேர்ந்தவை வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள். 2021இல் கொழும்பு அருகே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்தபோதும் இலங்கைக் கரையில் இவை மலைபோல் குவிந்தன. இந்த மணிகளுக்குச் சாய்சதுரம் கிடையாது. அவை வெடிப்பதில்லை, உடனே தீங்கு செய்வதுமில்லை. ஆகவே ஒன்பது வகுப்பில் எதிலும் அவற்றுக்கு இடமில்லை. மீனின் வயிற்றுக்குள் போவதைப் பற்றி ஆரஞ்சுப் புத்தகம் இன்னும் கவலைப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் சாலைக்கு வருவோம். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைப் பேசுகின்றன. இத்தகைய வண்டியின் இரு பக்கமும் பின்புறமும் அவசரத் தகவல் பலகை வேண்டும். அதில் பொருளின் பெயர், ஐ.நா. எண், சாய்சதுரம், அவசர உதவிக்கான தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். ஓட்டுநர் இந்திய மொழிகளுள் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் ‘3 ஒய் ஈ’ என்றும் எழுதியிருப்பார்கள். அது தீயணைப்போருக்கான குறிப்பு. மூன்று என்றால் நுரையால் அணைக்க வேண்டும். ஒய் என்றால் மூச்சுக்கருவி அணிந்து, கசிந்தது சாக்கடைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். ஈ என்றால் சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்துவதை எண்ண வேண்டும்.

காலி டாங்கருக்கு எதற்குக் குறி என்று கேட்கலாம். பெட்ரோல் இறக்கிய தொட்டிக்குள் ஆவி நிற்கிறது. அது காற்றோடு கலந்தால் வெடிக்கும். அதனால், கழுவிச் சுத்தம் செய்யும்வரை குறியை எடுக்கக்கூடாது என்பது விதி. பீப்பாய்களுக்கும் இது பொருந்தும். இங்கேதான் நம் வீடுகளுக்குச் சங்கதி வருகிறது. தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் பழைய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களை மலிவாக வாங்கி நீர் பிடித்து வைக்கிறோம். விற்பவர் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்திருப்பார். பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்று நாமும் மகிழ்வோம். சுரண்டிய இடத்தில் பசை மட்டும் ஒரு சாய்சதுர வடிவில் நின்றால், அந்தப் பீப்பாயைக் குடிநீருக்கு வைக்காதீர்கள். எந்தத் தாளும் வடுவும் இல்லையென்றாலும், முன்பு உள்ளே என்ன இருந்தது என்று விற்பவர் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

சாலையில் ஒரு டாங்கர் கவிழ்ந்து கிடந்தால் குடத்தோடு ஓடுகிறவர்களும் உண்டு. 2017 ஜூனில் பாகிஸ்தானில் பகவல்பூர் அருகே அப்படிப் பெட்ரோல் அள்ளச் சென்றவர்களில் இருநூறுக்கு மேற்பட்டோர் கருகிப்போனார்கள். காற்று வரும் பக்கமாகத் தொலைவில் நின்று, பலகையில் உள்ள நான்கு இலக்கத்தை மட்டும் படியுங்கள். 101ஐ அழைத்து, ஊரின் பெயருக்கு அடுத்தபடி அந்த எண்ணைச் சொல்லுங்கள். நுரை ஏற்றி வருவதா, நீர் ஏற்றி வருவதா என்பதை நிலையத்தை விட்டுப் புறப்படும் முன்பே அவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.