முதல் நாற்காலி – 7: ஓட்டுப் போட வயதில்லாத கவர்னர்

போன வாரம் டென்னசி, டெக்சஸ் என்று இரண்டு மாநிலங்களை ஆண்ட சாம் ஹூஸ்டனைப் பார்த்தோம். போர்த் தழும்புகளோடு பதவிக்கு வந்தவர் அவர். இந்த வாரத்து ஆள், மீசை அரும்பும் வயதில் வந்தவர்.

1831. மிச்சிகன் அப்போது மாநிலமல்ல. வாஷிங்டன் நேரடியாக நிர்வகித்த பிரதேசம். அதன் செயலாளர் ஜான் மேசன் வேலையை விட்டுவிட்டு டெக்சஸ் பக்கம் கிளம்ப, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் அந்த இடத்தில் அவர் மகன் ஸ்டீவன்ஸ் மேசனை உட்கார வைத்தார். மகனுக்கு வயது 19. ஓட்டுப் போடவே 21 ஆக வேண்டிய காலம் அது. கவர்னர் ஊரில் இல்லாவிட்டால் செயலாளர்தான் கவர்னர். டெட்ராய்ட் பிரமுகர்கள் கூட்டம் போட்டுக் கொதித்தார்கள். ஜாக்சன் அசையவில்லை. 1834இல் கவர்னர் ஜார்ஜ் போர்ட்டரைக் காலரா கொண்டுபோனது. 22 வயதில் மொத்தப் பொறுப்பும் மேசன் தலையில்.

‘பையன் கவர்னர்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு வேப்பங்காய். பையன் இல்லை என்று காட்ட ஒரு சண்டையும் வாய்த்தது.

மிச்சிகன் ஏரியின் தென்முனையிலிருந்து கிழக்கே ஒரு நேர்கோடு. அதுதான் தெற்கே இருந்த ஒஹையோ மாநிலத்தின் வட எல்லை என்று 1787ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்தக் காலத்து வரைபடங்களோ ஏரியின் முனையை வடக்கே தள்ளிக் காட்டின. விளைவு, 468 சதுர மைல் நிலத்தை ஒஹையோவும் கேட்டது, மிச்சிகனும் கேட்டது. நடுவில் டொலிடோ துறைமுகம். 1835இல் இரு தரப்பும் படை திரட்டின. இந்த ‘டொலிடோ போரி’ல் சிந்திய ரத்தம், ஜோசப் வுட் என்ற துணை ஷெரிஃபின் உடம்பிலிருந்து வந்தது மட்டும்தான். பேனாக்கத்தியால் குத்தியவர் பெயர் டூ ஸ்டிக்னி. ஆம், ‘இரண்டு’தான். அண்ணன் பெயர் ஒன். வுட் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தல். ஒஹையோவிடம் ஓட்டு இருந்தது. பிரதேசமான மிச்சிகனிடம் இல்லை. ஜாக்சன் கணக்குப் போட்டார். அதே 1835 ஆகஸ்டில் மேசனை நீக்கினார். அக்டோபரில் மிச்சிகன் மக்கள் அதே மேசனைத் தங்கள் கவர்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 23. அமெரிக்க மாநிலங்களில் அத்தனை இளவயதில் கவர்னரானவர் வேறு யாருமில்லை. ஆனால் அவர் ஆளவேண்டிய மாநிலம் வாஷிங்டனின் ஏட்டில் இன்னும் பிறக்கவே இல்லை.

டொலிடோவை விட்டுக்கொடு, ஈடாக வடக்கே உள்ள மேல் தீபகற்பத்தை வாங்கிக்கொள் என்றது காங்கிரஸ். பனியும் காடும் மண்டிய அந்த நிலம் யாருக்கு வேண்டும்? 1836 செப்டம்பரில் மாநாடு கூட்டி மறுத்தார்கள். ஆனால் கஜானா காலி. மாநிலமானால்தான் மத்திய உபரிப் பணத்தில் பங்கு. டிசம்பரில் ஆன் ஆர்பரில், உறையும் குளிரில், மறுபடி கூடித் தலையாட்டினார்கள். 1837 ஜனவரி 26இல் மிச்சிகன் 26ஆவது மாநிலமானது.

பதவி உறுதியானதும் மேசன் பெரிதாகக் கனவு கண்டார். மாநிலத்தின் குறுக்கே மூன்று ரயில் பாதைகள், கூடவே கால்வாய்கள். அதற்கு 50 லட்சம் டாலர் கடன். அதே 1837இல் நாடு முழுக்க வங்கிகள் சரிந்தன. மிச்சிகனின் கடன் பத்திரங்கள் கை மாறின. அவற்றை வாங்கிய நிறுவனங்கள் முழுப் பணம் தருமுன்னே நொடித்துப்போயின. பழி கவர்னர் மேல் விழுந்தது. 1840இல் பதவி முடிந்தபின் லஞ்சக் குற்றச்சாட்டும் வந்தது. நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து வக்கீல் தொழில் பார்த்தவர், 1843 ஜனவரியில் நிமோனியாவில் இறந்தார். வயது 31.

அவர் ஆசைப்பட்டுப் போட்ட ரயில் திட்டம் மாநிலத்தைக் கடனில் தள்ளியது. வேண்டா வெறுப்பாக வாங்கிய மேல் தீபகற்பமோ செம்பும் இரும்பும் அள்ளிக் கொடுத்தது. அங்கே செம்பு இருப்பதை 1841 அறிக்கையில் எழுதியவர் டக்ளஸ் ஹௌட்டன். அவரை மாநில நிலவியலாளராக நியமித்தது மேசன்தான். சுரங்கங்கள் ஓங்கியபோது மேசன் உயிரோடு இல்லை.

1905இல் அவர் எச்சங்களை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்து, முதல் சட்டமன்றக் கட்டடம் நின்ற இடத்துப் பூங்காவிலேயே புதைத்தார்கள். பூங்காவைச் சீரமைத்தபோதெல்லாம் தோண்டி எடுத்து, 1955இலும் 2010இலும் மறுபடி அடக்கம் செய்தார்கள். பையன் என்று முகம் சுளித்த அதே ஊர்தான்.

அடுத்த வாரம்: தங்கம் தேடி ஓடிவந்த கலிஃபோர்னியாவின் முதல் கவர்னர், பதவியைப் பாதியில் உதறிய கதை.

(தொடரும்)