எண்ணைப் பாட்டாக்கும் சிப்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி பிறந்துவிட்டால் விடியுமுன்பே திருப்பாவை காதில் விழத் தொடங்கிவிடும். அதே பதிவைக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டால் ஒரு மாதிரி, அப்பாவின் செல்போனில் ஒரு மாதிரி, ராஜபாளையத்து மாமா வீட்டு ஸ்டீரியோவில் வேறொரு மாதிரி. பாடியவர் ஒருவர்தான், பாட்டும் ஒன்றுதான். ஒலி மட்டும் எங்கே மாறுகிறது?

குழாய் ஸ்பீக்கர் விஷயம் எளிது. பேச்சு வெகுதூரம் போக வேண்டும் என்று செய்யப்பட்டது அது. தாழ்ந்த ஒலிகள் அதில் சரியாக வராது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எழுப்பும் 'தும்' அதில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். வீட்டு ஸ்டீரியோவில்தான் கதை சுவையாகிறது. "இந்த டி.ஏ.சி. வாங்குங்க, சவுண்டு நல்லா வார்மா, இதமா இருக்கும்" என்று கடையில் சொல்கிறார்கள். டி.ஏ.சி. என்பது எண்ணை மின்சாரமாக மாற்றும் சிப். அசெம்பிள் ஆம்ப்ளிஃபயரில் பொருத்தும் சின்ன யு.எஸ்.பி. போர்டிலும் ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டுச் செல்போனிலும் ஒன்று இருக்கிறது.

பாட்டு எப்படி எண்ணாகிறது? மைக்கில் விழும் குரல், ஏறி இறங்கும் மின்னழுத்தமாகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிவைக்கிறார்கள். 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் சி.டி.களிலிருந்து இன்றுவரை சி.டி.க்கு இதே கணக்குதான். ஒலியை எண்ணாக்கும் யோசனை அதற்கும் மூத்தது. பாரிஸில் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், டெலிஃபோன் பேச்சில் இரைச்சல் சேராமல் இருக்க 1937-லேயே இந்த வழியைக் கண்டுபிடித்தார்.

அளவு எவ்வளவு நுட்பமானது தெரியுமா? சி.டி.யின் ஒவ்வோர் எண்ணும் 16 பிட். அதாவது 65,536 படிகள். ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி உயரம். அதன் அடியிலிருந்து உச்சி வரை 65,536 படி வெட்டினால் ஒரு படியின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. 24 பிட் பதிவு என்றால் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படிகள். அப்போது ஒரு படி உங்கள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் இருக்கும்!

இந்தப் படிகளை மின்சாரமாக்க ஒரு பழைய, அழகான வழி உண்டு: ரெசிஸ்டர் ஏணி. பள்ளியில் ஆசிரியர் துணையோடு நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 13, இருபக்கமும் மாறும் சுவிட்ச் 4, ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு மல்டிமீட்டர் போதும். ஏணியைச் சரியாக இணைத்துவிட்டால் முதல் சுவிட்ச் மட்டும் போட்டால் 4.5 வோல்ட், இரண்டாவது மட்டும் போட்டால் 2.25, மூன்றாவதற்கு 1.12, நான்காவதற்கு 0.56. சேர்த்துப் போட்டால் வோல்ட்டும் கூடும். நான்கு சுவிட்சில் 16 படிகள் கிடைத்துவிட்டன. கடையில் கிடைக்கும், தங்கநிறக் கோடு போட்ட ரெசிஸ்டரில் 5 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். நான்கு சுவிட்சுக்கு, அதாவது 4 பிட்டுக்கு, அது பரவாயில்லை. 16 பிட் ஏணிக்கோ மேல்படி ரெசிஸ்டர்கள் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. இந்த வகை டி.ஏ.சி.யை நல்லதாகச் செய்தால் விலை ஏறுவது இதனால்தான்.

புத்தகங்களில் டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு போல வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்து, காதுக்கும் படிக்கட்டுதான் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். டி.ஏ.சி.க்குப் பின்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. ஒலியின் அதிர்வெண், அளக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழே இருந்தால் அந்தப் புள்ளிகள் வழியே ஒரே ஒரு வளைகோடுதான் போக முடியும். கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரை இதை நிறுவிக் காட்டியது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். 44,100-இல் பாதி 22,050. ஆகவே இடையில் எதுவும் தொலைந்துபோவதில்லை.

அப்படியானால் 'இதம்' எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், கொஞ்சம் குறைப்பதிலிருந்தோ கொஞ்சம் சேர்ப்பதிலிருந்தோதான்.

குறைப்பது முதலில். சில டி.ஏ.சி.கள் அடுத்த எண் வரும்வரை பழைய எண்ணின் வோல்ட்டையே பிடித்துவைத்திருக்கும். வேறு திருத்தம் செய்யாது. அப்போது 10,000 ஹெர்ட்ஸ் ஒலி 92 சதவீதமாகவும், 20,000 ஹெர்ட்ஸ் 69 சதவீதமாகவும் இறங்கிவிடும். தாளத்தின் 'கிணிங்' ஓசையும் 'ச', 'ஸ' எழுத்துகளின் சீறலும் சற்று அடங்கும். கூர்மை குறைந்தால் நமக்கு அது இதமாகத் தோன்றுகிறது.

சேர்ப்பது இன்னும் சுவாரஸ்யம். வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த டி.ஏ.சி. பெட்டிகள், பாடகர் 200 ஹெர்ட்ஸில் ஸட்ஜம் பிடித்தால் 400 ஹெர்ட்ஸிலும் சிறிது ஒலியைக் கூட்டும். 400 என்ன சுரம்? அதே ஸட்ஜத்தின் மேல் ஸ்தாயி! 600 ஹெர்ட்ஸ் வந்தால் அது மேல் பஞ்சமம். இரண்டுமே ஸட்ஜத்தோடு சண்டை போடாத சுரங்கள். அதனால்தான் காது அவற்றைப் பிழை என்று ஒதுக்குவதில்லை. தம்பூராக் கலைஞர்கள் இதை வெகு காலமாக அறிவார்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைச் செருகி, அதை மெல்ல நகர்த்துவார்கள். சரியான இடம் வந்ததும் தந்தி மேற்சுரங்களோடு ரீங்கரிக்கத் தொடங்கும். ஆனால் தம்பூராவில் அந்த ரீங்காரத்தை வைப்பது கலைஞர். டி.ஏ.சி.யில் சேர்வது, பாடியவர் வைக்காதது. பிடித்தால் தாராளமாகக் கேட்கலாம், தவறே இல்லை. "இதுதான் அசல் குரல்" என்று மட்டும் சொல்லக் கூடாது.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. ஒரு டி.ஏ.சி. மற்றதைவிடக் கொஞ்சம் சத்தமாக ஒலித்தாலே போதும், காது அதைத்தான் 'நல்லது' என்று சொல்லும். கடையில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது பல பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஆகவே சோதனை இப்படி இருக்கட்டும். இரண்டு டி.ஏ.சி.யிலும் ஒரே சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஒரே வோல்ட் வரும்படி சத்தத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இது பெரியவர்கள் வேலை. ஆம்ப்ளிஃபயரையோ வால்வுப் பெட்டியையோ நீங்கள் திறக்கவே கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அப்புறம் அக்கா நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா பார்த்து டி.ஏ.சி.யை மாற்ற வேண்டும். நீங்கள் திரும்பி உட்கார்ந்து, எது ஓடுகிறது என்று 10 தடவை எழுத வேண்டும். குருட்டாம்போக்கில் பத்தும் சரியாக வருவதற்கு வாய்ப்பு 1,024-இல் ஒன்று. பத்தும் சரி என்றால் வேறுபாடு உங்கள் காதில் உண்மையாகவே விழுகிறது. ஐந்தோ ஆறோ என்றால் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வரலாம்.

மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போடச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவரும் கூர்மையான ஒலிகளைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. பஞ்சு அவற்றை விழுங்கும். ராஜபாளையம் பஞ்சும் நூலும் புழங்கும் ஊர். அங்கே இதைக் கேட்டு வியக்கத் தேவையில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி போல மெல்லியது உதவாது, தடிமன் வேண்டும். ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் ஒரு பழைய பஞ்சு மெத்தையைச் சாய்த்துவைத்து அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் விலை உயர்ந்த டி.ஏ.சி. செய்வதைவிடப் பெரிய மாற்றத்தை அந்த மெத்தை செய்யும்.

மாமா டி.ஏ.சி. வாங்கும் முன்பு இந்த இரண்டு சோதனைகளையும் செய்துவிடுங்கள். பத்தில் எத்தனை சரி, மெத்தை வைத்ததும் எந்த ஒலி மாறியது என்பதை அட்டவணை போட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.